ஒரு சாண் கயிறு

படகுப் பாயின் ஓரத்தைத் தடவியபடி முழங்காலில் நகர்ந்து வந்த டூவா, ஓரிடத்தில் கையை நிறுத்தினாள். வெள்ளைத் துணியின் மேல் இரண்டு உள்ளங்கை அகலத்தில் தனியாக ஒரு துண்டு அங்கே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் குனிந்தாள்.

“இந்தப் பாய்க்கு எத்தன வயசுன்னு சொன்னீங்க?”

“இருபத்திரெண்டு,” என்றாள் மைக்கன். “போதும்னு அதுவே சொல்லுது. காத்த எதிர்த்துப் போகவே மாட்டேங்குது. பக்கத்துப் படகுத்துறையில சிக்ஸ்டனோட படகு எங்கள்து மாதிரிகூடக் கெடையாது, ரெண்டடி சின்னது. அவன் எங்களத் தாண்டிப் போறப்ப கைய வேற ஆட்டிட்டுப் போறான்.”

மீன் ஏற்றும் துறைக்குப் பின்னால் இருந்த மரக்கட்டடத்தின் மாடி முழுக்க டூவாவின் பாய்ப் பட்டறைதான். படியருகிலேயே செருப்பையும் காலணியையும் கழற்றிவிட வேண்டும். தரை அப்படி இழைத்து மெருகேற்றப்பட்டிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதில் ஆடலாம். நடுவில் ஒரு ஆள் இடுப்பளவு இறங்குகிற குழி. தையல் இயந்திரமும் அதை ஓட்டுகிற பெண்ணும் அந்தக் குழிக்குள் இருந்தார்கள். பெரிய பாய்கள் தரைமட்டத்திலேயே வழுக்கிக்கொண்டு ஊசிக்குள் போய் வந்தன. தலையும் தோளும் மட்டும் தெரிய அந்தப் பெண் தைத்துக்கொண்டிருந்தாள். சுவர் நெடுக ஆணிகளில் படகுப் பெயர் எழுதிய பைகள். செப்டம்பர் கடைசி என்பதால் கரையில் படகு வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாயின் நினைவு வந்திருந்தது.

மைக்கன் பாயின் ஒரு முனையில் நின்றாள். அவள் கணவர் எவெர்ட் மறு முனையில், சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு நின்றுகொண்டிருந்தார். வலது காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. படியேறும்போதே அவள் அதைக் கவனித்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் தூக்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு விஷயம் பாருங்க,” என்றாள் டூவா. நாற்பது வயதிருக்கும். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன விரல்கள். “முன்பாய நல்லா இறுக்கி இழுத்தோம்னா, பாய்மரத்துக்குக் குறுக்க நீட்டிட்டு இருக்கே கம்பு, அதோட நுனியில வந்து உரசும். உரசிக் கிழிஞ்சிடக் கூடாதுன்னுதான் அந்த எடத்துல இப்படி ஒரு ஒட்டு. மூணு வருஷத்துல இது கருத்துரும். அஞ்சாறு வருஷத்துல பிஞ்சி, என்கிட்ட வந்து புதுசு வச்சித் தைப்பாங்க. உங்க ஒட்டு இருபத்திரெண்டு வருஷமா புதுசாவே இருக்கு.”

“நல்ல துணியா இருக்கும்,” என்றாள் மைக்கன்.

“துணி எல்லாம் ஒரே துணிதான். இந்தப் பாய யாரும் முழுசா இழுத்துக் கட்டினதே இல்ல. இந்த ஓரத்தப் பாருங்க, படபடன்னு அடிச்சே நைஞ்சி போயிருக்கு. கொஞ்சம் தளர்வா விட்டா அப்படித்தான் அடிக்கும்.” டூவா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் ஒரு கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. “உங்க படகுல கயிறு யார் கையில?”

மைக்கன் பாயின் நீளம் முழுவதையும் தாண்டி எவெர்ட்டைப் பார்த்தாள். அவர் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது.

“என் கையிலதான்,” என்றார். அப்புறம், ஒரு திருட்டை ஒப்புக்கொள்வது போல, கையை விரித்துக் காட்டினார். “ஒரு சாண். அவ்வளவுதான். நீ அந்தப் பக்கம் திரும்பினதும் ஒரு சாண் விட்டுருவேன்.”

குழிக்குள் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது.

அந்த இருவருக்கும் நடுவில் தான் எதையோ உடைத்துவிட்டோம் என்பது டூவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாக வேறு வேலையைப் பார்த்தாள். தையல் நூலை நகத்தால் கீறிக் காட்டினாள். வெயிலில் வெந்து போன நூல் தவிடாக உதிர்ந்தது. பாய் எப்படியும் செத்துத்தான் போயிருக்கிறது, புதியது வேண்டும், அதில் சந்தேகமில்லை என்றாள். அளவையும் வடிவத்தையும் நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள், படகைக் கரையேற்ற இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, அதுவரை இதையே மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள். மூவருமாகப் பாயை மடித்துப் பைக்குள் திணித்தார்கள். எவெர்ட் அதைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மைக்கன் முப்பத்து நான்கு வருடம் அந்தத் தீவுகளில் வீடு வீடாகப் போகும் செவிலியாக இருந்தவள். கதவைத் திறக்கும் விதத்திலேயே ஒருவருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவாள் என்று பெயர். புண்ணை மறைப்பவர்கள், மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிப்பவர்கள், குடித்ததில்லை என்று சத்தியம் செய்பவர்கள், எல்லோரையும் பார்த்தவள். அவளுடைய சொந்தப் படகில், அவளிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒரு மனிதன் முந்தின பாயிலும் இந்தப் பாயிலுமாக இருபத்தெட்டுக் கோடை அவளுக்குத் தெரியாமல் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே இருந்திருக்கிறான்.

மஞ்சள் நிறக் கார்ப்படகு அவர்கள் காரை ஏற்றிக்கொண்டு நீரிணையைக் கடக்க ஆறு நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் மைக்கன் கேட்டாள்.

“எப்போலேர்ந்து?”

“மொத நாள்லேர்ந்து.”

“பயமா?”

“பயம்தான். படகு சாயுறப்ப வயிறு அப்படியே கீழ எறங்கிடும்.”

“பாடுவியே, எவெர்ட். காத்து ஏற ஏற நீ சத்தமா பாடுவ. எல்லாருகிட்டயும் சொல்லிருக்கேனே, எம் புருஷனுக்குக் காத்து வந்தா பாட்டு வந்துரும்னு.”

“பயத்துலதான் பாடினேன்,” என்றார் எவெர்ட்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். படகு மெதுவாகப் போகிறதென்று அவள் செய்யாதது ஒன்றில்லை. நான்கு வசந்தம் தொடர்ந்து படகின் அடியைக் கண்ணாடி போல ஆகும்வரை தேய்த்திருக்கிறாள். நீருக்கடியில் சுழலும் இயந்திர விசிறியை மாற்றினாள். பாய்மரத்தைப் பின்பக்கமாக இரண்டு விரல்கடை சாய்த்துக் கட்டினாள். தீவைச் சுற்றும் பந்தயத்தில் பத்தொன்பது வயதில் அப்பாவின் படகில் முதலாவதாக வந்தவள், பிற்பாடு சொந்தப் படகில் ஆறு தடவை கலந்துகொண்டு ஆறு தடவையும் கூட்டத்தின் நடுவில் வந்து சேர்ந்தாள்.

“அடிய தேய்க்கறப்ப நீயும் கூடவே உக்காந்து தேய்ச்சியே.”

“தேய்ச்சேன்.”

“அப்பகூட வாயத் தொறக்கல.”

“வாயில தூசி போகக் கூடாதுன்னு துணி கட்டியிருந்தோம்,” என்றார் எவெர்ட். சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கார்ப்படகின் இரும்புக் கதவு இறங்கியது. அவர் வண்டியை எடுத்தார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். நின்றுகொண்டு வரும் கிழவியின் கையிலிருக்கும் காபி சிந்தாமல் வண்டியை நிறுத்துவார் என்று அந்தத் தடத்தில் பேச்சு. அன்றும் அப்படித்தான் கரையேறினார்கள், ஒரு குலுக்கல் இல்லாமல்.

வியாழக்கிழமை காலை மைக்கன் படகில் தனியாகப் போனாள். போகிறேன் என்று மட்டும் சொன்னாள். எவெர்ட் வெந்நீர்க் குடுவையில் காபி ஊற்றி, ஏலக்காய் ரொட்டி இரண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வானிலை பார்த்தாயா என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை.

தென்மேற்கிலிருந்து நல்ல காற்று. கடலில் அங்கங்கே வெள்ளை தெரிந்தது. தீவுகளுக்கிடையிலிருந்து வெளியே வந்ததும் அவள் கயிற்றைக் கைப்பிடி உருளையான வின்ச்சில் சுற்றி இழுத்தாள். ஒட்டு போய்க் குறுக்குக் கம்பில் முட்டும்வரை இழுத்தாள். அந்தத் துண்டு அங்கே போய் உட்கார்வதை அண்ணாந்து பார்த்தாள். படகு ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டு தன் முன்மூக்கான அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பியது. இந்தப் படகு இவ்வளவு நேராக எதிர்க்காற்றில் போகும் என்பதை அவள் பார்த்ததே இல்லை. தண்ணீர் விளிம்பை நனைத்தபடி ஓடியது. சுக்கான் பிடி கைக்குள் உயிரோடு இழுத்தது. பத்தொன்பது வயசுக்காரி அவள் உடம்புக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். வாய்விட்டுக் கத்தினாள். கேட்க ஒரு கடற்காகம்தான் இருந்தது.

அரை மணி நேரம் அப்படிப் போனாள். பிறகு திருப்ப வேண்டியிருந்தது. திருப்பும்போது பாயை மறுபக்கம் கொண்டுவந்து, அந்தப் பக்கத்துக் கயிற்றை வேகமாக இழுத்துச் சுற்ற வேண்டும். அதை எப்போதும் எவெர்ட்தான் செய்வார், “தயாரா?” என்பாள், “தயார், கேப்டனம்மா” என்பார், அதற்கப்புறம் அது நடந்து முடிந்திருக்கும். இப்போது சுக்கானை இடுப்பால் முட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். விரல் முட்டிகள் இரண்டு வருடமாகவே வீங்கித்தான் இருந்தன. அவசரத்தில் கயிறு வின்ச்சில் தன்மேலேயே ஏறிச் சிக்கிக்கொண்டது. இழுக்கவும் வரவில்லை, விடவும் வரவில்லை. பெரிய பாய் முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு படகைச் சாய்த்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. காபிக் குடுவை உருண்டு போய் மூலையில் மோதியது. அவளுக்கு வயிறு கீழே இறங்கியது.

இறங்குவது என்றால் இதுதானா என்று அந்தப் பதற்றத்துக்கு நடுவிலேயே நினைத்தாள்.

அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பினாள். பாய் காது செவிடாகும்படி அடித்துக்கொண்டது. அந்த இடைவெளியில் சிக்கைப் பிரித்தாள். மறுபடி படகைச் சரித்து, கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தவள், கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது நிறுத்தினாள். விரல் வலிக்காக நிறுத்தினேன் என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். படகில் வேறு யாருமில்லாததால் அந்தப் பொய் நிற்கவில்லை.

படகு கொஞ்சம் நிமிர்ந்தது. கடலின் சத்தம் குறைந்தது. அவள் வேகம் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தாள். இறுக்கிக் கட்டியிருந்தபோது ஐந்து கடல்மைல் காட்டியது. இப்போது ஐந்தரை.

நம்பவில்லை. மறுபடி இழுத்துக் கட்டினாள். ஐந்து. விட்டாள். ஐந்தரையைத் தொட்டு வந்தது. நோயாளியின் இரத்த அழுத்தத்தில் சந்தேகம் வந்தால் செய்வது போல மூன்று தடவை அளந்தாள். இழுத்தால் படகு காற்றை நேராகப் பார்த்துப் போனது, ஆனால் படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நழுவி, மூச்சு வாங்கிப் போனது. விட்டால் ஓடியது. புதுப் பாயாக இருந்தால் இது வேறு மாதிரி இருக்கலாம். பழைய, தொப்பை விழுந்த பாய்க்கு அந்தச் சாண் தேவையாக இருந்திருக்கிறது. எத்தனை வருடமாகத் தேவையாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

ஒரு பாறைத் தீவின் மறைவில் நங்கூரம் போட்டு ரொட்டியைப் பிரித்தாள். தாளுக்குள் அவர் அவளுக்குத் தெரியாமல் மூன்றாவதாகவும் ஒன்று வைத்திருந்தார். அவள் எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. கோபம் இன்னும் அங்கேயேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது.

துறைக்குத் திரும்பிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. டூவா.

“மைக்கன், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. ஆனா படகு உங்க பேர்ல இருக்கு, நான் சொல்லாம இருந்தா சரியா வராது. காலைல எவெர்ட் போன் பண்ணாரு. பழைய பாய் என்ன அளவோ அதே அளவுல போடு, ஒரு விரல்கூடக் கொறைக்காதன்னாரு. அப்புறம் கேட்டாரு, கடைசி வரைக்கும் இழுத்துக் கட்டணும்னா இன்னும் பெரிய வின்ச் மாத்தணுமா, எழுவது வயசு ஆள் அத சுத்த முடியுமான்னு.”

மைக்கன் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ என்ன சொன்ன?”

“ஜிம்முக்குப் போங்கன்னேன். எந்த ஜிம்முன்னு கேக்குறாரு. நெஜமாத்தான் கேக்குறாரு, மைக்கன்.”

வீட்டில் எவெர்ட் ஹெர்ரிங் மீனுக்கு மாவு தடவிக்கொண்டிருந்தார். அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்தது. வாசலில் அவள் காலடி கேட்டதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். காலையிலிருந்து ஏறியே இருந்த தோள் என்பது அந்த இறக்கத்தில் தெரிந்தது.

“எப்படி இருந்துச்சு?”

“ஒரு சாண் விட்டேன்,” என்றாள் மைக்கன்.

அவர் மாவுக் கையோடு திரும்பினார். “எதுக்கு?”

“பயந்துட்டேன்.”

“நீயா?”

“நான்தான். வயிறு எறங்கிச்சு. நீ சொன்ன மாதிரியே.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “விட்டதும் அரை மைல் வேகம் கூடிருச்சு. மூணு தடவ பாத்தேன்.”

எவெர்ட் அடுப்புப் பக்கம் திரும்பி மாவு தடவிய மீனைச் சட்டியில் போட்டார். பிறகு மீனைத் திருப்பிப் போட்டார்.

“அரை மைலா?”

“ரொம்ப ஆடாத.”

“ஆடல. சும்மா கேட்டேன்.” வெண்ணெய் சட்டியில் பொரிந்தது. “அப்ப சிக்ஸ்டன் நம்மள முந்துனது எதனால?”

“அவனுக்குக் காத்து பாக்கத் தெரியும். எனக்கு உன்னக்கூடப் பாக்கத் தெரியல.” அவள் இதைச் சாதாரணமாகச் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. “இருபத்தெட்டு வருஷம், எவெர்ட். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். நான் என்ன பிசாசா?”

“சொன்னா நீ தனியாப் போவ. இல்ல, எனக்காகப் போகாம இருப்ப. ரெண்டும் வேணாம்னு தோணிச்சு.”

“இப்ப வித்துரலாமா?”

“படகயா?” அவர் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். “எனக்குப் படகு பிடிக்கும். சாயுறதுதான் பிடிக்காது. ரெண்டும் ஒண்ணில்ல. காலைல நங்கூரம் போட்ட எடத்துல எந்திரிச்சி வெளிய வந்து நிக்கிறது பிடிக்கும். அந்தச் சின்ன அடுப்புல காபி போடறது பிடிக்கும். அப்புறம் நீ.”

“நான் என்ன?”

“நீ சுக்கான் பிடிச்சிருக்கறப்ப உன் மொகம். வீட்ல அந்த மொகம் வராது. கல்யாணத்தன்னிக்கும் வரல, கொழந்த பொறந்தப்பவும் வரல. அதப் பாக்க வேற எடமில்ல.” மேசையில் இருந்த மாவைச் சுண்டிவிட்டார். “ஒரு சாண் விட்டா அதப் பாத்துட்டு உக்காந்திருக்க முடிஞ்சிது. விடலன்னா கண்ண மூடிக்க வேண்டியிருந்துச்சு.”

மீன் ஆறிப்போனது. அவர்கள் அதை ஆறியபடியே சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் டூவா படகுக்கே வந்து அளவெடுத்தாள். அதற்கப்புறம் பட்டறையில் கணினித் திரையின் முன் மூவரும் உட்கார்ந்தார்கள். திரையில் படகின் பக்கவாட்டுக் கோடும் அதன் மேல் இரண்டு முக்கோணங்களும். பழைய முன்பாய் பாய்மரத்தைத் தாண்டி வெகுதூரம் பின்னால் வந்தது. மைக்கன் அதைக் குறைக்கச் சொன்னாள். டூவா விசையைத் தட்டத் தட்ட அந்த முக்கோணம் சுருங்கியது. மைக்கனுக்குத் தன் கல்யாண உடையை வேறொருத்தியின் உடம்புக்குப் பிடிக்கிற மாதிரி இருந்தது. பெரிய பாய் போட்ட படகுகளுக்குத் துறையில் ஒரு மரியாதை உண்டு. அவள் அப்பா சின்னப் பாய்க்காரர்களைப் பார்த்து, துணி துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்பார்.

“போதும் போதும்,” என்றார் எவெர்ட். “அவ்ளோ சின்னதா வேணாம். கொஞ்சம் பெருசாக்கு.”

“கொறைச்சுக்கிட்டே போ, டூவா,” என்றாள் மைக்கன். “பாய்மரத்தோட நிக்கட்டும். என் விரலுக்கும் அதான் நல்லது.”

“இவ எனக்காகச் சொல்றா. நீ பெருசாக்கு.”

“நான் என் விரலுக்காகச் சொல்றேன். உனக்கென்ன வந்துச்சு?”

டூவா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். “ரெண்டு பேரும் கீழ போயி காபி குடிச்சிட்டு, சண்டைய முடிச்சிட்டு வாங்க. நான் இத மூணு தடவ பெருசாக்கி நாலு தடவ சின்னதாக்கிட்டேன்.”

கீழே போனார்கள். சண்டை போட்டார்கள். மழைத் தூறலில் வலைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, விட்டுக்கொடுப்பதில் யார் பெரியவர் என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் மைக்கன்தான், விட்டுக்கொடுக்கிற பேச்சே வேண்டாம், இந்தப் பாயை வைத்துக்கொண்டு நம்மால் என்ன செய்ய முடியும் என்று மட்டும் பார்ப்போம் என்றாள். மேலே வந்து சொன்னார்கள். முன்பாய் பாய்மரத்தைத் தாண்டி ஒரு முழம் மட்டும். காற்று கூடினால் பின்பாயைச் சுருக்கிக் கட்ட மூன்று வரிசைக் கண்ணிகள். சுருக்குகிற கயிறு உட்காரும் இடத்துக்கே வர வேண்டும். நிறம் வெள்ளையே. டூவா எழுதிக்கொண்டாள். பழைய பாயை என்ன செய்ய என்று கேட்டாள். மைக்கன் அதைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க அது பரணில் கிடந்தது.

ஜூன் மாதம் முதல் வாரம் புதுப் பாய்களை மாட்டினார்கள். துணி அட்டை போல விறைப்பாக இருந்தது. மடிப்புக்கோடுகள் அப்படியே தெரிய, அசைந்தால் நொறுங்குவது போலச் சத்தம் போட்டது. தீவுகளுக்குள்ளேயே இதமான காற்று. முன்பாய் விரிந்ததும் மைக்கன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். சின்னதுதான். ஆனால் ஒரு சுருக்கம் இல்லாமல், உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தது போல நின்றது.

“சுக்கான ஒரு நிமிஷம் பிடி,” என்றாள். “டூவா போட்டோ கேட்டிருக்கா. முன்னாடி போயி எடுத்துட்டு வரேன்.”

“நானா?”

“வேற யாரு இருக்கா?”

எவெர்ட் கயிற்றை விட்டுவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் துறைக்குள் இயந்திரத்தில் போகும்போதுகூட அவர் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. சுக்கான் பிடியை இரண்டு கையாலும், பேருந்துச் சக்கரத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். மைக்கன் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். நான்கு படம் எடுத்தாள். எடுத்த பிறகும் அங்கேயே நின்றாள். படகு ஓடும்போது அவளுக்கு இந்தப் பகுதியில் நிற்கக் கிடைத்ததே இல்லை. அணியம் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும் சத்தம் இங்கே வேறு மாதிரி இருந்தது.

“எடுத்தாச்சா?” என்று குரல் வந்தது.

“வெளிச்சம் சரியில்ல.”

திரும்பி வந்து அவர் விட்டுப்போன இடத்தில், கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் வின்ச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார். இரண்டு தீவுகளுக்கு நடுவே வந்ததும் காற்று ஒரு குத்து கூடியது. படகு சாய்ந்தது. மைக்கனின் கை தானாகக் கயிற்றுக்குப் போனது, விடுவதற்கு. பாட்டு வருகிறதா என்று காது கொடுத்தாள். வரவில்லை. அவரைப் பார்த்தாள். தாடை இறுகியிருந்தது. ஆனால் கண் முன்னால் இருந்தது. பாயையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“விடட்டுமா?”

“இரு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பஸ்ல பின் சீட்ல உக்காந்தா எனக்கு வாந்தி வரும். உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ஓட்டுனா வராது.” சுக்கானை ஒரு விரல் அளவு அசைத்தார். படகு மெல்ல நிமிர்ந்து கொடுத்தது. அவர் முகத்தில் ஆச்சரியம் பரவுவதை அவள் பார்த்தாள். எழுபது வயது முகத்தில் அது எங்கே தங்கியிருந்தது என்று தெரியவில்லை. “இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா, மைக்கன்? முடியுமா உனக்கு?”

முடிந்தது. இந்தப் பாய்க்கு அவள் விரல் போதுமாயிருந்தது. இழுத்துக் கட்டிவிட்டு அவள் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வலப்பக்கத் தீவின் பாறையிடுக்கிலிருந்து ஒரு பெண் கடல்வாத்து தண்ணீரில் இறங்கியது. பின்னாலேயே அதன் குஞ்சுகள், பழுப்புப் பஞ்சு உருண்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து நீந்தின. நேராகப் படகின் குறுக்கே எதிர்த் தீவை நோக்கிப் போயின. எவெர்ட் சுக்கானைத் தள்ளி அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பினார். படகின் ஓட்டம் அடங்கியது. புதுப் பாய் இரண்டும் தலைக்கு மேல் படபடவென்று அடித்துக்கொண்டன. புதுத் துணியை அப்படி அடிக்க விடக் கூடாது. மைக்கன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

ஐந்து, ஆறு, ஏழு. கடைசிக் குஞ்சு பாதியில் நின்று ஒரு பாசித் துண்டைக் கொத்தியது. படகு அசையாமல் நின்றது. தாய் வாத்து எதிர்க் கரையிலிருந்து திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தது. குஞ்சு இன்னொரு முறை கொத்தியது.